நின்று படிக்க வைக்கும் எழுத்து: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழின் நடுப்பக்கக் கட்டுரைக்கு, மெழுகு உருகி வழிவது போன்ற எழுத்தில் தலைப்பு அமைத்திருந்தோம். அதைப் பாராட்டி வந்த கடிதங்களும், "தலைப்பு என்னவென்று கண்டுபிடிக்கப் பேத்தியைக் கூப்பிட வேண்டியதாயிற்று" என்று குறைபட்டு வந்த கடிதங்களும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் இருந்தன. ஆகவே இந்த இதழின் கேள்வி – பதில் பகுதி முழுவதையும் சைகடெலிக் எழுத்து என்று வழங்கும் அந்த ஒரு பாணிக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எழுத்துரு தேடும்போது 'சைகடெலிக்', 'ஹிப்பி', 'ரெட்ரோ', 'எழுபதுகள்' என்று பல பெயர்களில் வளைந்த, தடித்த எழுத்துகள் வருகின்றன. இவற்றுள் உண்மையான சைகடெலிக் எழுத்தை எப்படி அடையாளம் காண்பது?
– வடிவமைப்புப் படிக்கும் மாணவி

அந்தப் பெயர்களை நம்ப வேண்டாம். தேடுபவர் கண்ணில் எப்படியாவது படட்டும் என்று எழுத்துரு விற்பவர்கள் எல்லாப் பெயர்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒட்டிவிடுகிறார்கள். எழுத்தைப் பார்ப்பதைச் சற்று நிறுத்திவிட்டு, எழுத்துக்கு உள்ளேயும் எழுத்துகளுக்கு இடையேயும் எஞ்சியிருக்கும் வெற்றிடத்தைப் பாருங்கள். சாதாரண எழுத்துருவில் ஆங்கில 'ஓ'வின் நடுவே அகன்ற, வட்டமான வெளி இருக்கும். சைகடெலிக் எழுத்தில் அதே வெளி, ஊசியால் கீறியது போன்ற ஒரு கோடாகவோ ஒரு கண்ணீர்த் துளியாகவோ சுருங்கிவிடும். ஒவ்வோர் எழுத்தும் தனக்குக் கிடைத்த கட்டத்தை மூலை முடுக்கு வரை நிரப்பிக்கொள்ளும். அடுத்த எழுத்து வளைந்து விலகினால் இது அந்த வளைவுக்குள் புகுந்துகொள்ளும். அதனால் ஒரு சொல்லைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், அது எழுத்துகளின் வரிசையாகத் தெரியாது. அங்கங்கே கீறல் விழுந்த ஒரே கனத்த கட்டியாகத்தான் தெரியும்.

இரண்டாவது அடையாளம், கனம் எந்த இடத்தில் சேர்ந்திருக்கிறது என்பது. நாம் அன்றாடம் படிக்கும் எழுத்துருக்களில் செங்குத்துக் கோடுகள் மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே தடிமனில் இறங்கும். இங்கோ அவை மேலே ஒடுங்கிக் கீழே மணியின் வாயைப் போல விரியும். சில எழுத்துருக்களில் இது தலைகீழாக, கால் சிறுத்துத் தலை பருத்திருக்கும். அந்தச் சாய்வுதான் எழுத்து உருகுவது போலவோ, தீயாக எழுவது போலவோ, காற்றில் அலைவது போலவோ ஒரு மயக்கத்தைத் தருகிறது.

'எழுபதுகள்' என்ற பெயரில் வரும் கொழுத்த, முனை மழுங்கிய எழுத்துகள் பெரும்பாலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்தின் மூத்தவரான கூப்பர் பிளாக், சிகாகோவில் ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்து 1922-ஆம் ஆண்டில் வெளிவந்தது. எழுபதுகளில் எங்கும் பயன்பட்டதால் அந்தக் காலத்தின் முகமாக நினைவில் நின்றுவிட்டது. அது உப்பியிருக்கும், குழைந்திருக்கும், ஆனாலும் அதன் எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியே நின்று தன் பெயரைத் தெளிவாகச் சொல்லும். சைகடெலிக் எழுத்து தன் பெயரை அவ்வளவு எளிதில் சொல்வதில்லை. பூவும் இதழும் ஒட்ட வைத்திருப்பதை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது வெறும் அலங்காரம்.

கேள்வி: இது 1960களில் அமெரிக்க இளைஞர்கள் உருவாக்கிய பாணி என்று நான் சொல்ல, ஐரோப்பாவில் அதற்கு முன்பே இருந்தது என்று நண்பர் வாதிடுகிறார். யார் சொல்வது சரி?
– ஒரு நூலகர்

இருவர் சொல்வதும் சரிதான். நண்பர் சொல்வது அறுபதாண்டு கூடுதலாகச் சரி. 1897-ஆம் ஆண்டில் வியன்னாவில் பழைய கலைஞர் சங்கத்திலிருந்து பிரிந்து, 'செசெஷன்' என்ற பெயரில் ஓர் அணி உருவாயிற்று. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஆல்ஃபிரட் ரோலர், 1902, 1903-ஆம் ஆண்டுகளில் அந்த அணியின் கண்காட்சிகளுக்கு வரைந்த சுவரொட்டிகளில், எழுத்துகளைச் சதுரக் கட்டிகளாகத் திரட்டி, உள்வெளிகளை மெல்லிய கீற்றுகளாக ஒடுக்கிவிட்டார். அவர் பின்னர் வியன்னா அரசவை ஓப்பரா என்ற இசை நாடக அரங்கில், இசையமைப்பாளர் குஸ்டாவ் மாலருடன் மேடை வடிவமைப்பாளராகப் பணியாற்றப் போய்விட்டார். அவருடைய எழுத்து பல ஆண்டுகள் கலை வரலாற்று நூல்களுக்குள் அடங்கிக் கிடந்தது.

1965-ஆம் ஆண்டின் இறுதியில், பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் சுவரொட்டிகளின் கண்காட்சி ஒன்று நடந்தது. அதன் கையேட்டில் ரோலரின் எழுத்தைக் கண்டவர் வெஸ் வில்சன் என்ற, சான்ஃபிரான்சிஸ்கோ அச்சகம் ஒன்றில் வேலை பார்த்துவந்த இளைஞர். அந்த நகரில் அப்போது ஃபில்மோர் அரங்கில் பில் கிரகாமும், அவலான் நடன அரங்கில் செட் ஹெல்ம்ஸ் நடத்திய 'ஃபேமிலி டாக்' குழுவும் வாரந்தோறும் இசை நிகழ்ச்சி நடத்தி, வாரந்தோறும் புதிய சுவரொட்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். வாரம் ஒரு படம் என்ற இந்த ஓயாத தேவை இல்லாதிருந்தால் இப்பாணி இவ்வளவு விரைவாக வளர்ந்திருக்காது என்பது என் எண்ணம். வில்சன், ரோலரின் கட்டியான எழுத்தை எடுத்துச் சதுரத்திலிருந்து அவிழ்த்துவிட்டார். 1966 ஜூலையில் ஃபில்மோர் நிகழ்ச்சி ஒன்றுக்கு அவர் வரைந்த சுவரொட்டியில் பச்சைப் பின்னணியில் சிவந்த எழுத்துகள் தீக்கொழுந்தாக எழுகின்றன. அதில் எழுத்தைத் தவிர வேறு படம் எதுவும் இல்லை, எழுத்தே படம்.

அவரோடு விக்டர் மோஸ்கோசோ, ரிக் கிரிஃபின், ஸ்டான்லி மவுஸ், ஆல்டன் கெல்லி ஆகியோரையும் சேர்த்து 'பெரிய ஐவர்' என்று குறிப்பிடுவது வழக்கம். ஃபில்மோருக்கு 1967-இல் தொடர்ச்சியாக வரைந்த பானி மக்லீனை அந்த ஐவர் பட்டியல் விட்டுவிடுகிறது, விட்டிருக்கக் கூடாது.

நண்பருக்குக் கொடுக்க இன்னும் இரண்டு சான்றுகள் உண்டு. ஓட்டோ எக்மன் என்ற ஜெர்மானியர் தூரிகையின் நெளிவோடு வரைந்த எழுத்துரு 1900-ஆம் ஆண்டிலும், ஸ்விட்சர்லாந்து ஓவியர் ஒருவரின் பெயர் சூட்டப்பட்ட 'ஆர்னால்ட் பெக்லின்' 1904-ஆம் ஆண்டிலும் ஈய அச்சாகவே வார்க்கப்பட்டன. இன்று 'ஹிப்பி எழுத்து' என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கும் ஆர்னால்ட் பெக்லின், ஹிப்பிகளின் தாத்தா பாட்டிகள் பிறந்து வளர்ந்த காலத்தைச் சேர்ந்தது.

ஆனால் உங்கள் பக்கத்திலும் ஒரு வலுவான நியாயம் இருக்கிறது. ஈய அச்சில் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனிச் செவ்வகக் கட்டையின் மேல் நிற்பதால், ஓர் எழுத்து மற்றோர் எழுத்தின் இடுப்புக்குள் புகுந்துகொள்ள வழியில்லை. கையால் வரைந்ததை அப்படியே படமெடுத்துத் தகட்டில் ஏற்றும் ஆஃப்செட் அச்சு மலிவாகக் கிடைத்த பிறகே, ஒரு சுவரொட்டி முழுவதையும் நெளியும் எழுத்தால் நிரப்பி, அதை வாராவாரம் மாற்றவும் முடிந்தது. ரோலர் விதை போட்டார். அதைக் காடாக்கியது சான்ஃபிரான்சிஸ்கோ.

கேள்வி: எழுத்து என்பது படிப்பதற்குத்தானே? படிக்க முடியாதபடி எழுதிவிட்டு அதைக் கலை என்று கொண்டாடுவது எனக்கு விளங்கவில்லை.
– ஓய்வு பெற்ற ஆசிரியர்

ஐயா, உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஒரு காலத்தில் மோஸ்கோசோவும் உங்களைப் போலத்தான் நினைத்திருப்பார். அவர் நியூயார்க்கிலும் யேல் பல்கலைக்கழகத்திலும் முறையாகக் கலை பயின்றவர். எழுத்து எளிதில் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும், சுவரொட்டி ஒரே பார்வையில் செய்தியைச் சேர்த்துவிட வேண்டும், கண்ணைக் கூச வைக்கும் நிறங்களை அடுத்தடுத்து வைக்கக் கூடாது என்பவை அவருக்குக் கற்பிக்கப்பட்ட விதிகள். இந்த இசைச் சுவரொட்டிகளுக்கு அவை பொருந்தவில்லை என்று கண்டதும், தான் கற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தலைகீழாக்கினார். ஒரே பார்வையில் முடிந்துவிடும் சுவரொட்டியைக் கடந்து போய்விடலாம். படிக்க இரண்டு நிமிடம் பிடிக்கும் சுவரொட்டியின் முன் நின்றாக வேண்டும். நின்றவர் சொற்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து முடிக்கும்போது நிகழ்ச்சியின் நாளும் இடமும் மனத்தில் ஏறியிருக்கும். சுவரில் ஒட்டிய சில நாட்களிலேயே அவற்றைக் கிழித்துக்கொண்டு போய் வீட்டில் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு அவை விரும்பப்பட்டன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தச் சுவரொட்டிகள் ஊரார் அனைவருக்கும் எழுதப்பட்டவை அல்ல. அந்த இசையைத் தேடிப் போகும் இளைஞர்களுக்கு எழுதப்பட்ட அவை, மற்றவர்களுக்குப் புரியாமல் போனதே வாசிப்பவருக்கு ஒரு மகிழ்ச்சியாக இருந்தது. விடுகதை போடுபவரிடம் போய் 'நேரடியாகச் சொன்னால் என்ன?' என்று கேட்பதில்லையே, அதுபோலத்தான் இதுவும்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நிற்க நேரமோ காரணமோ இல்லாதவருக்கு இந்த எழுத்தைக் காட்டுவது தவறு. எங்கள் சென்ற இதழ்த் தலைப்பில் அந்தத் தவறு நேர்ந்தது. உங்களைப் போன்ற வாசகர் கட்டுரைக்குள் நுழைய வேண்டிய வாசலை நாங்களே மறித்து வைத்துவிட்டோம்.

கேள்வி: பழைய சுவரொட்டிகளில் எழுத்துகள் அதிர்வது போலத் தெரிகின்றன. அதே நிறங்களைத் திரையில் அமைத்தால் ஓரளவு வருகிறது. எங்கள் அச்சில் வந்ததும் செத்துவிடுகிறது. ஏன்?
– அச்சகம் நடத்துபவர்

இரண்டு தனித்தனிக் காரணங்கள் இங்கே கலந்திருக்கின்றன. அதிர்வு என்பது முதல் காரணத்தின் விளைவு. ஒரு வடிவத்தின் விளிம்பைக் கண் கண்டறிவது பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டைக் கொண்டுதான். நிற வேறுபாடு அதற்கு அடுத்தபடிதான். சிவப்பும் பச்சையும் போல, அல்லது ஆரஞ்சும் நீலமும் போல, நிறச் சக்கரத்தில் எதிரெதிரே இருக்கும் இரண்டை ஒரே அளவு வெளிச்சமுடையவையாக அமைத்தால், நிறம் முற்றிலும் வேறு என்று கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் விளிம்பு எங்கே என்று உறுதியாகப் பிடிபடுவதில்லை. அந்தத் தடுமாற்றத்தையே நாம் அதிர்வாக உணர்கிறோம். மோஸ்கோசோவுக்கு யேலில் நிறம் கற்பித்தவர் ஜோசப் ஆல்பர்ஸ். அடுத்தடுத்த நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றிக் காட்டும் என்பதை வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர். மாணவர் அந்தப் பாடத்தைச் சுவரொட்டிக்கு மாற்றினார். நீங்கள் சோதிக்க ஓர் எளிய வழி, படத்தைக் கணினியில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பது. எழுத்தும் பின்னணியும் ஒரே சாம்பல் நிறமாகக் கரைந்துபோனால் அதிர்வு கிடைக்கும். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் கிடைக்காது.

அச்சில் செத்துப்போவதற்கு மை காரணம். வழக்கமான நான்கு நிற அச்சு, சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய மைகளின் நுண்புள்ளிகளை அடுத்தடுத்து வைத்து மற்ற நிறங்களை உருவாக்குகிறது. கூசும் பச்சையும் எரியும் ஆரஞ்சும் அந்தக் கலவையின் எல்லைக்கு வெளியே இருப்பவை. அந்தக் காலத்தில் தேர்ந்த மையைக் கலந்து தனித் தகட்டில் நேரடியாக அடித்தார்கள். சில வேளைகளில் புற ஊதா ஒளியை வாங்கி நிறமாகத் திருப்பித் தரும் ஃப்ளோரசன்ட் மையையும் பயன்படுத்தினார்கள். எனவே வேலைக்கு இரண்டு அல்லது மூன்று தனி நிறங்கள் மட்டும் போதும் என்று வாடிக்கையாளரை ஒப்புக்கொள்ள வையுங்கள். எந்திரத்தின் மைத்தொட்டியில் இரண்டு நிறங்களை இரு பக்கமும் ஊற்றி, நடுவே அவை தாமாகக் கலக்கும்படி ஓட்டும் பழைய முறையும் உண்டு; 'சான்ஃபிரான்சிஸ்கோ ஆரக்கிள்' என்ற இதழின் பக்கங்கள் வானவில்லாக வந்தது அந்த முறையால்தான். ஒவ்வொரு தாளும் சற்று வேறுபட்டு வரும், கழுவும் வேலையும் கூடும், ஆனால் சிறிய எண்ணிக்கையில் அச்சிடும்போது முயன்று பார்க்கத் தக்கது.

இணையப் பக்கத்துக்கு இதே நிறங்களைக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பார்வைக் குறைபாடு உள்ளவர்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்ட அணுகல் நெறிகள், சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற வெளிச்ச விகிதத்தையும், பெரிய எழுத்துக்கு 3:1 விகிதத்தையும் கேட்கின்றன. தூய சிவப்பைத் தூய நீலத்தின் மேல் வைத்தால் கிடைப்பது 2.15:1 மட்டுமே. ஆகவே அதிரும் தலைப்பை ஒரு படமாக வைத்து, அதே சொற்களைப் பக்கத்தில் தெளிந்த எழுத்திலும் தருவதே நாகரிகம்.

கேள்வி: நல்ல சைகடெலிக் எழுத்துரு ஒன்றை விலைக்கு வாங்கியும், நான் தட்டச்சு செய்த சொல் உயிரற்று நிற்கிறது. எங்கே தவறு?
– புதிதாகத் தொழிலுக்கு வந்த வடிவமைப்பாளர்

தவறு உங்களிடமும் இல்லை, எழுத்துருவிடமும் இல்லை. வில்சனும் கிரிஃபினும் எழுத்துருவைப் பயன்படுத்தவில்லை; ஒவ்வொரு சொல்லையும் அந்த இடத்துக்கென்றே வரைந்தார்கள். ஒரே சுவரொட்டியில் ஐந்து ஆங்கில 'ஈ' வந்தால் ஐந்தும் ஐந்து விதமாக இருக்கும், ஏனென்றால் ஒவ்வொன்றின் அண்டை வீட்டாரும் வேறு. எழுத்துருவோ ஐந்து முறையும் ஒரே 'ஈ'யைத்தான் தருகிறது. கண் அந்த மறுபதிப்பை உடனே கண்டுகொள்கிறது. வெள்ளத்தில் மிதக்க வேண்டியவை வரிசையில் நின்று வருகைப் பதிவுக்குக் காத்திருப்பது போல ஆகிவிடுகிறது.

ஆகவே எழுத்துருவை மூலப்பொருளாக மட்டும் கொள்ளுங்கள். நான் செய்யும் முறை இது. முதலில் எழுத்தை மறந்துவிட்டு, சொற்கள் நிரப்ப வேண்டிய வெளி வடிவத்தை வரைகிறேன்; அது ஒரு முகமாக இருக்கலாம், ஒரு முட்டையாக இருக்கலாம், அலையடிக்கும் ஒரு பட்டையாக இருக்கலாம். அதை வரிகளாகவும், வரிகளை எழுத்துகளுக்கான அறைகளாகவும் பென்சிலால் பிரிக்கிறேன். அறைகள் சமமாக இருக்கத் தேவையில்லை. பிறகு எழுத்துருவின் எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றி, ஒவ்வொன்றையும் அதன் அறைக்குள் வைத்து, விளிம்புப் புள்ளிகளைக் கையால் இழுத்து நிரப்புகிறேன். எழுத்துகளுக்கிடையிலான இடைவெளி வரி முழுவதும் ஒரே தடிமனில் ஓட வேண்டும். எழுத்துகளின் இடைவெளியைச் சரிசெய்வதைக் கெர்னிங் என்பார்கள்; இந்தப் பாணியில் அது எழுத்தைத் தள்ளி வைப்பதன்று, எழுத்தையே வளைத்து இடைவெளியைச் சமப்படுத்துவது.

மென்பொருளில் சொல் முழுவதையும் ஒரே சொடுக்கில் வளைத்துத் தரும் கருவிகள் இருக்கின்றன. அவற்றை நம்பி இறங்கினால், வளைவு விரியும் இடத்தில் கோடுகள் பருத்தும், ஒடுங்கும் இடத்தில் நூலாக இளைத்தும் போகும். கேளிக்கைக் கண்ணாடியில் பார்த்த சொல்லைப் போல இருக்குமேயன்றி வரைந்த சொல்லைப் போல இருக்காது. முதல் வரைவுக்கு அவற்றை வைத்துக்கொண்டு, பிறகு தடிமன்களைக் கையால் திருத்துங்கள்.

வாங்கும்போதே கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. ஓப்பன்டைப் என்ற கோப்பு வகையில் வரும் எழுத்துருக்களில் ஒரே எழுத்துக்குப் பல மாற்று வடிவங்களை வைக்கவும், அண்டை எழுத்தைப் பொறுத்து அவை தாமாக மாறும்படி அமைக்கவும் வழியிருக்கிறது. மாற்று வடிவங்கள் நிறைய உள்ள எழுத்துருவே இந்தப் பாணிக்கு உகந்தது. இருபத்தாறு எழுத்துக்கு இருபத்தாறு வடிவம் மட்டும் தருபவை ஒரு சொல்லுக்கு, மிஞ்சினால் இரண்டு சொல்லுக்குத் தாங்கும்.

கேள்வி: வீட்டிலேயே சோப்பு செய்து விற்கிறேன். உறையில் இந்த எழுத்தைப் பயன்படுத்த ஆசை. பயன்படுத்தலாமா? வேறு எங்கெல்லாம் இது பொருந்தும்?
– சிறுதொழில் செய்பவர்

சோப்பின் பெயருக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பெயர் ஒரு சொல்லாக, கூடினால் இரண்டு சொல்லாக இருக்கட்டும். என்னென்ன சேர்ந்திருக்கின்றன, எடை எவ்வளவு, எப்போது தயாரித்தது என்பவை மட்டும் எந்தச் சுழிவும் இல்லாத எளிய எழுத்தில் இருக்க வேண்டும். தோலில் படும் பொருளைப் பற்றிய செய்தியை யாரும் விடுகதையாகப் படிக்க வேண்டியதில்லை.

இசை நிகழ்ச்சி, இசைத்தட்டு உறை, சட்டையில் அச்சிடும் வாசகம், விழா அழைப்பு, அட்டைப்படம், காணொளியின் தொடக்கத்தில் வரும் பெயர் ஆகிய இடங்களில் இது இயல்பாகப் பொருந்தும். வழிகாட்டிப் பலகை, மருந்து உறை, படிவம், எச்சரிக்கை ஆகியவற்றின் பக்கமே போகக் கூடாது. நிறுவனச் சின்னத்துக்குக் கேட்பவர்களிடம் நான் சற்றுத் தயங்குவேன், ஏனென்றால் சின்னம் ஒருநாள் கைப்பேசித் திரையில் விரல் நகம் அளவுக்குச் சுருங்க வேண்டியிருக்கும், அப்போது இந்த எழுத்தின் கீற்று வெளிகள் அடைபட்டு ஒரு கரும்புள்ளிதான் மிஞ்சும். துணியில் ஸ்கிரீன் பிரின்டிங் செய்யும்போதும் இதே ஆபத்து உண்டு. மை பரவி உள்வெளிகளை மூடிவிடும். முழு எண்ணிக்கையையும் ஒப்படைப்பதற்கு முன் ஒரே ஒரு பிரதியை உண்மையான அளவில் எடுத்துப் பாருங்கள். கீற்றுகள் மூடினால் அவற்றைக் கொஞ்சம் அகலப்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: தமிழ் எழுத்துகளை இந்தப் பாணியில் வரைய முடியுமா? முயன்றவை எல்லாம் ஆங்கிலத்துக்குத் தமிழ் வேடம் போட்டது போல இருக்கின்றன.
– சுவரோவியம் வரைபவர்

முடியும், ஆனால் ஆங்கிலத்தில் எளிதாக இருப்பது தமிழில் கடினம். அங்கே இல்லாத வசதி இங்கே உண்டு. ரோலரும் வில்சனும் ஆங்கில, ஜெர்மன் பெரிய எழுத்துகளை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். அவை எல்லாம் ஒரே உயரம், மேலும் கீழும் எதுவும் நீட்டிக்கொண்டிருப்பதில்லை, எனவே செங்கல்லைப் போல அடுக்கலாம். தமிழில் 'கி' என்றால் தலைக்கு மேல் ஒரு வளைவு, 'கு' என்றால் காலுக்குக் கீழே ஒரு சுழிப்பு, 'கொ' என்றால் இரு பக்கமும் காவலர்கள். செங்கல் அடுக்க முயன்றால் எல்லாம் இடிக்கும். வேடம் போட்டது போல வருவதற்குக் காரணம், அந்த நீட்சிகளை நசுக்கிச் செங்கல்லாக்க முயல்வதே. அவற்றை நசுக்காமல் வளர விடுங்கள். 'கி'யின் தலை வளைவு மேல் வரிக்குள் ஏறி, அங்கே 'ட'வின் வலப்பக்கம் காலியாகக் கிடக்கும் வெளியில் குடியேறட்டும். ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக யோசிக்காமல், இரண்டு மூன்று வரிகளை ஒரே பின்னலாக யோசித்தால் தமிழ் தானாக நெளியத் தொடங்கிவிடும்.

எதைச் சிதைக்கக் கூடாது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். மூன்று சுழி 'ண'வுக்கும் இரண்டு சுழி 'ன'வுக்கும் வேறுபாடு சுழி எண்ணிக்கை மட்டுமே. உள்வெளியைக் கீற்றாக ஒடுக்கும்போது முதலில் காணாமல் போவது சுழிதான். 'ர'வும் துணைக்காலும் தடித்த வடிவில் இரட்டைப் பிள்ளைகளாகிவிடும். எகரக் கொம்புக்கும் ஏகாரக் கொம்புக்கும் உள்ள வேறுபாடு மேலே ஒரு சிறு சுழியில் இருக்கிறது. இவற்றை மட்டும் சற்று மிகைப்படுத்தியே வரையுங்கள். மற்றவற்றை எவ்வளவு வளைத்தாலும் நம் கண் கண்டுபிடித்துவிடும். ஓலைச்சுவடிகளில் புள்ளியே இடாமல் எழுதியதைச் சூழலை வைத்துப் படித்த மரபுதானே நம்முடையது.

புள்ளியைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எழுத்து முழுக் கட்டியாகத் திரண்டு நிற்கும்போது புள்ளியை மேலே தனியாக மிதக்க விடாமல், எழுத்தின் தலையிலேயே ஒரு துளையாக வெட்டி எடுக்கலாம். கட்டியும் கெடாது, மெய்யெழுத்தும் மெய்யெழுத்தாகவே இருக்கும். 1978-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் 'லை', 'னை', 'ணை', 'ளை' ஆகியவற்றில் யானைத் துதிக்கையைப் போலச் சுருண்டெழுந்த ஐகார வடிவம் இருந்ததே, அதையும் இந்த ஒரு வேலைக்கு மட்டும் திரும்ப அழைத்து வரலாம் என்பது என் கருத்து. அவ்வளவு அழகான சுருளை வியன்னாக்காரர்கள் பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டார்கள்.

கேள்வி: 'சைகடெலிக்' என்பது போதைப்பொருளோடு தொடர்புடைய சொல் அல்லவா? பள்ளி மலரின் அட்டையில் இந்த எழுத்தைப் போடுவது சரியா?
– ஒரு மாணவரின் தாய்

சொல் அங்கிருந்துதான் வந்தது. ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர், 1950களில், மனத்தில் உள்ளதை வெளிக்காட்டுவது என்ற பொருள்படும்படி கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதை உருவாக்கினார். அப்போது அவர் குறித்தது மனநிலையை மாற்றும் மருந்துப் பொருள்களையே. சான்ஃபிரான்சிஸ்கோ இளைஞர்களிடம் அந்தப் பழக்கம் இருந்ததும் மறைக்க முடியாத வரலாறு. ஆனால் அந்த எழுத்தின் வடிவம், நான் மேலே சொன்னதுபோல, அந்தச் சொல் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே ஓவியக் கண்காட்சிகளை அறிவித்துக்கொண்டிருந்தது. இன்று பெரும்பாலோருக்கு அது ஒரு காலத்தின் இசையையும் நிறத்தையும் மட்டுமே நினைவூட்டுகிறது. மனம் உறுத்தினால் மலர்க்குழுவினரிடம் 'ரோலர் பாணி எழுத்து' என்று சொல்லிப் பாருங்கள், அதுவும் உண்மைதான்.

கேள்வி: இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சைகடெலிக் எழுத்துருவை விற்பனைப் பொருளில் பயன்படுத்தினால் சட்டச் சிக்கல் வருமா?
– சட்டை அச்சிட்டு விற்பவர்

இலவசம் என்ற ஒரு சொல்லை வைத்து முடிவெடுக்காதீர்கள். பல எழுத்துருக்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம். விற்கும் சட்டையில் அச்சிட்டால் தனி உரிமம் வாங்க வேண்டும். கோப்போடு கூட வரும் உரிம ஆவணத்தைத் திறந்து, வணிகப் பயன்பாடு பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள். ஆவணமே இல்லாத எழுத்துருவைத் தொடாதிருப்பது நல்லது. 'ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ்' என்ற உரிமத்தில் வருபவற்றை வணிகத்துக்கும் பயன்படுத்தலாம், மாற்றியமைக்கவும் செய்யலாம். எழுத்துருக் கோப்பை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது. பழைய சுவரொட்டி ஒன்றை ஸ்கேன் செய்து அதன் எழுத்தை அப்படியே சட்டையில் ஏற்றுவது வேறு விவகாரம். அது எழுத்துருவன்று, ஒருவரின் ஓவியம், அதற்கு உரிமையாளர் இருப்பார்.

கேள்வி: தலைப்பு சைகடெலிக் எழுத்தில் இருந்தால், கீழே வரும் விவரங்களுக்கு எந்த எழுத்தைத் தேர்ந்தெடுப்பது?
– கல்லூரி விழாக் குழு

எவ்வளவு சாதுவானது கிடைக்குமோ அவ்வளவு சாதுவானதை, ஒரே தடிமனில், ஒரே நிறத்தில் வையுங்கள். இரண்டாவதாகவும் ஒரு வளைந்த எழுத்துருவைச் சேர்த்தால் இரண்டும் ஒரே மேடையில் போட்டி போட்டுக்கொண்டு பாடும். நாளும் நேரமும் இடமும் யார் காதிலும் விழாது.